வரைபடத்தில் மட்டும் சுத்தமான குளம்: ரோபோ வாங்குவோர் கவனத்துக்கு

எங்கள் குடியிருப்பின் நீச்சல்குளப் பராமரிப்பு என் பொறுப்பில் இருக்கிறது. குளத்தின் அடித்தரையைச் சுத்தம் செய்ய வயரில்லாத ரோபோ ஒன்றை வாங்கினோம். அதன் உணரிகளை (சென்சார்களை) பற்றி விற்பனையாளர் சொன்னவற்றை நம்பி நான் ஏமாந்தது எப்படி என்பதை, இன்னொருவர் ஏமாறாமல் இருப்பதற்காக எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே பேச்சைப் பேசி விற்பவர்கள் அவர்கள் மட்டும் அல்லர்.

நீருக்கடியிலும் ஜிபிஎஸ் மூலம் இடமறியும், ஓடும்போதே ஆழத்தை அளக்கும், ரோபோ இருக்கும் இடத்தைக் கைப்பேசியில் நேரலையாகக் காட்டும் என்பவை அவர்கள் அளித்த வாக்குறுதிகள். முதல் வாக்குறுதியைக் கேட்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஜிபிஎஸ் அலைகள் வானிலிருந்து வந்து சேரும்போதே மிகவும் மெலிந்திருக்கும். நீருக்குள் சில சென்டிமீட்டர் இறங்குவதற்குள் அவை பயன்படாத அளவுக்குத் தேய்ந்துவிடும். வைஃபை, புளூடூத் ஆகியவை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளுக்கும் நீருக்குள் ஏறத்தாழ அதே கதிதான். நீர்ப்பரப்பில் ஒரு மிதவையை விட்டு அதன் வழியாகத் தகவல் அனுப்பும் ரோபோக்கள் உண்டு. எங்களுடையதில் மிதவை கிடையாது.

முதல் வாரம் எல்லாம் நன்றாக நடப்பதாகவே தோன்றியது. கைப்பேசித் திரையில் ஒரு நீலப்புள்ளி குளத்தின் குறுக்கே நேர்கோடுகளாக ஓடித் தரை முழுவதையும் நிரப்பும். ஒரு நாள் காலையில் அப்படி நிரப்பிக்கொண்டிருந்தபோது குளத்தை எட்டிப் பார்த்தேன். ஆழமான பகுதியில் வடிகால் மூடியின் மேல் அடிவயிறு தட்டி, சக்கரங்கள் வீணாகச் சுழல, ரோபோ அசையாமல் கிடந்தது. ஏணிக்குக் கீழே முந்தைய நாள் விழுந்த சருகுகள் அப்படியே இருந்தன. திரையிலோ 90 சதவீதம் முடிந்ததாக அறிவிப்பு வந்தது. ஏதோ சந்தேகம் தட்டவே, கைப்பேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றி, எல்லா இணைப்புகளையும் அணைத்தேன். அதன் பிறகும் நீலப்புள்ளி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. நான் இத்தனை நாளும் பார்த்தது ரோபோவின் பாதையை அல்ல, நாங்கள் பதிவு செய்த நீள அகலத்தை வைத்துச் செயலி தானாக வரைந்த ஒரு படத்தை.

அடுத்து ஆழத்தைச் சோதித்தேன். ரோபோவைக் கயிற்றில் கட்டி 1.2 மீட்டர் ஆழமுள்ள பக்கத்தில் சற்று நேரம் ஓடவிட்டு, மேலே இழுத்துப் பதிவைப் பார்த்தால் 1.8 மீட்டர் என்று காட்டியது. ஆழமான பக்கத்திலும் அதே 1.8 மீட்டர்தான். முதல் நாள் செயலியைத் தொடங்கும்போது குளத்தின் ஆழம் என்ற கட்டத்தில் நான் தட்டிய எண் அது!

புகார் செய்தபோது வந்த சர்வீஸ் ஊழியர், அறுபது சென்டிமீட்டர் வித்தியாசமெல்லாம் உணரிக்குத் தெரியாது என்றார். இதைப்போல் துணிந்து சொன்ன பொய் வேறில்லை. நீரில் ஒரு மீட்டர் இறங்கினால் அழுத்தம் சுமார் 9.8 கிலோபாஸ்கல் கூடும், அதாவது காற்றழுத்தத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. சில கைப்பேசிகளில் உள்ள காற்றழுத்தமானி ஒரு மாடி ஏறி இறங்குவதையே கண்டுகொள்ளும். அந்த அழுத்த வேறுபாடு நான்கு மில்லிமீட்டர் நீருக்குக்கூடச் சமமாகாது. அப்படியிருக்க, அறுபது சென்டிமீட்டர் தெரியவில்லை என்றால் அங்கே உணரியே இல்லை என்றுதான் பொருள். உண்மையான அழுத்த உணரி உள்ள கருவி, நீரில் இறங்குமுன் காற்றழுத்தத்தைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு, அதற்கு மேல் கூடுவதைக் கொண்டு ஆழத்தைக் கணக்கிடும்.

இடமறிதலிலும் ஏமாற்றில்லாத வழிகள் இருக்கின்றன. ஆனால் எதுவும் மந்திரமல்ல. கைரோ திரும்பும் வேகத்தை அளக்கிறது. அதைக் கூட்டிக்கொண்டே போய்த் திசையைக் கணிக்கும்போது சிறு பிழைகளும் கூடவே சேர்கின்றன. சக்கரச் சுற்றுகளை எண்ணித் தொலைவைக் கணக்கிட்டால், பாசி படிந்த தரையில் சக்கரம் வழுக்கும் ஒவ்வொரு முறையும் கணக்கு தவறும். காந்தத் திசைகாட்டியை வைத்தாலோ, கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியும் ரோபோவின் சொந்த மோட்டாரும் அதைக் குழப்பும். மீயொலி, அதாவது காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண் ஒலி, நீரில் நொடிக்குச் சுமார் 1480 மீட்டர் வேகத்தில் செல்வதால், அதன் எதிரொலியைக் கொண்டு தொலைவை அளப்பது நல்ல வழிதான். எனினும் நான்கு சுவர்களிலும் பட்டு எதிரொலி பலவாறாகத் திரும்பிவருவதைப் பிரித்தறிய வேண்டும். இந்தக் குறைகளை ஒப்புக்கொண்டு விற்பவரிடம் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

என் கோபமெல்லாம் அவர்கள் நாளைக் கடத்திய விதத்தின் மீதுதான். ரோபோ உங்கள் குளத்தைக் கற்றுக்கொள்ளப் பத்து முறையாவது ஓட வேண்டும் என்றார்கள். பிறகு நீரின் தரம் சரியில்லை என்றார்கள். பிறகு உணரியைச் சீரமைக்க வேண்டும் என்று கட்டணம் வாங்கி, வடிகட்டியைக் கழுவித் தந்தார்கள். திருப்பித்தரும் காலம் 14 நாள். அது அப்படியே கரைந்துபோனது. பின்னர் வேறொரு பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துத் திறந்து பார்த்தபோது, மின்பலகையில் கைரோவும், வேகம் மாறுவதை அளக்கும் முடுக்கமானியும் சேர்ந்த ஒரு சிறு சில்லு மட்டுமே இருந்தது. அழுத்த உணரி இல்லை, மீயொலியும் இல்லை.

வாங்க நினைப்பவர்கள் முதல் ஓட்டத்தையே சோதனையாக வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியின் இணைப்பை அணைத்துப் பாருங்கள், செயலியில் ஆழத்தை வேண்டுமென்றே தவறாகக் கொடுத்துப் பாருங்கள், பாதி ஓட்டத்தில் ரோபோவைத் தூக்கி வேறு மூலையில் விட்டுப் பாருங்கள். எல்லாவற்றையும் வீடியோவாக எடுத்து, அதே வாரத்தில் எழுத்துமூலம் புகார் அனுப்புங்கள்.

நான் தாமதமாக அனுப்பிய புகாருக்கு ஒரு வரியில் பதில் வந்தது: கையேட்டில் ஆழம் என்று குறிப்பிட்டிருப்பது, ரோபோ நீர்புகாமல் தாங்கக்கூடிய ஆழத்தையாம்.