ஜூன் வெயிலும் பந்தர் தெரு நோட்டுக் கடைகளும்

சென்னை பாரிமுனையில் என்.எஸ்.சி. போஸ் சாலைக்கு அருகே இருக்கும் பந்தர் தெரு, எழுதுபொருள் மொத்த வியாபாரத்துக்குப் பேர்போன இடம். இரண்டு மூன்று பிள்ளைகளுக்குச் சேர்த்து வாங்குவோரும், அக்கம்பக்கத்துக் குடும்பங்களோடு கூட்டாக வாங்குவோரும் பள்ளி திறப்பதற்கு முன் அங்கே ஒருமுறை போய்வருவது மிகவும் நல்லது என்பதே என் கருத்து. ஒரே பிள்ளைக்கு அரை டஜன் நோட்டு வாங்குவதற்காக அந்த வெயிலில் அலைய வேண்டியதில்லை.

வெயிலைப் பற்றி முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. கத்திரி முடிந்துவிட்டது என்று நாட்காட்டி சொன்னாலும், மேலைக்காற்று வலுத்துக் கடற்காற்று உள்ளே வரத் தாமதமாகும் நாட்களில் சென்னையின் ஜூன் முதல் வாரம் மே மாதத்துக்குச் சற்றும் இளைத்ததல்ல. நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது 2003 மே 31 அன்று. 2023-இல் வெப்பம் காரணமாகப் பள்ளித் திறப்பு இருமுறை தள்ளிப்போய், 6 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்கு ஜூன் 12 அன்றும், சிறு வகுப்புகளுக்கு ஜூன் 14 அன்றும்தான் பள்ளிகள் திறந்தன. 2024-இலும் ஜூன் 6 என்பது ஜூன் 10 ஆயிற்று. எங்கள் காலத்தில் அப்படித் தள்ளிவைத்ததாக நினைவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ், புதுச் சீருடையின் கஞ்சி மொடமொடப்பு கழுத்தை அறுக்க, கணக்கு நோட்டில் கையை ஊன்றி எழுதும்போது, உள்ளங்கை வேர்வை பட்ட இடத்தில் தாள் நெளிந்து, அடுத்த வரியை எழுதுகையில் மை நாலா பக்கமும் ஊறிப் பரவும். கைக்குட்டையை மடித்துக் கைக்கடியில் வைத்துக்கொண்டுதான் எழுதுவோம். ஆகவே, ஒரு நோட்டு நல்லதா என்பதை அதன் அட்டைப் படத்தைக் கொண்டு அல்லாமல், ஈரக் கையையும் மைப் பேனாவையும் அது தாங்குகிறதா என்பதைக் கொண்டே இன்றும் முடிவு செய்கிறேன்.

அதைச் சோதித்துப் பார்க்க இடம் கொடுப்பதுதான் பந்தர் தெருவின் பெரிய நன்மை. "தாளைத் தொட்டுப் பாருங்கம்மா, எழுதியும் பாருங்க" என்று கட்டைப் பிரித்து ஒரு நோட்டை நீட்டும் வியாபாரிகள் அங்கே இருக்கிறார்கள். கடைசிப் பக்கத்தில் மைப் பேனாவால் இரண்டு வரி எழுதி, தாளைத் திருப்பிப் பாருங்கள். மறுபுறம் எழுத்து தெரிந்தால் அந்தக் கட்டு வேண்டாம். எத்தனை ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை எத்தனை கிராம்) தாள் என்றும் கேளுங்கள். எண் கூடக்கூடத் தாள் கனமாகும். கரூர் மாவட்டம் புகளூரில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை, கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறது. நம் வயலில் விளைந்த கரும்பின் சக்கை பிள்ளைகள் எழுதும் தாளாகிறது என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி.

குறை இல்லாமல் இல்லை. ஒரு கடையில் வாங்கிய 192 பக்க லாங் சைஸ் நோட்டுகள் காலாண்டுத் தேர்வுக்கு முன்பே நடுத்தாள் கழன்று உதிர்ந்தன. மாற்றித் தரக் கேட்டபோது, மொத்த விலைக்கு விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். பக்கம் அதிகமுள்ள நோட்டுகளில் வெறும் பின் அடித்ததைத் தவிர்த்து, தைத்து பைண்டிங் செய்ததையே கேட்டு வாங்குவது நல்லது. நாலு கோடு நோட்டும் கட்டம் போட்ட நோட்டும் சில கடைகளில் சீக்கிரமே தீர்ந்துவிடுகின்றன.

2025 செப்டம்பர் 22 முதல் நோட்டுப் புத்தகம், பென்சில், ஷார்ப்னர், அழிப்பான் ஆகியவற்றுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது; அதற்கு முன்பு நோட்டுகளுக்கு 12 சதவீதம் இருந்தது. பில்லை வாங்கிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

காரில் போக வேண்டாம். நிறுத்த இடம் கிடைக்காது. உயர் நீதிமன்றம் மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடக்கலாம். கடை திறந்த கையோடு போனால் கூட்டமும் குறைவு, கடைக்காரருக்கும் கட்டைப் பிரித்துக் காட்டப் பொறுமை இருக்கும். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். லேபிளையும் பிரவுன் ஷீட்டையும் அவர்களே தேர்ந்தெடுக்கட்டும்.