ஓப்பன் சோர்ஸா, தனியுரிமமா? விலையை விடுங்கள், வெளியே வரும் வழியைப் பாருங்கள்

மூல நிரலை (சோர்ஸ்) எல்லோருக்கும் திறந்து வைக்கும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளா, கம்பெனிகள் பூட்டி விற்கும் தனியுரிம மென்பொருளா என்று பேச்சு வந்தாலே எல்லோரும் விலையில்தான் ஆரம்பிக்கிறார்கள். லினக்ஸ் இலவசம், விண்டோஸுக்குக் காசு. லிப்ரே ஆபிஸ் இலவசம், எம்எஸ் ஆபிஸுக்கு வருஷா வருஷம் சந்தா. நம்மிடம் இந்த வாதம் எடுபடாது. பெங்களூர் எஸ்.பி. ரோடு பக்கம் போய் ஒரு பழைய லேப்டாப் வாங்கிப் பாருங்கள், விண்டோஸ், ஆபிஸ், போட்டோஷாப், கோரல்டிரா எல்லாவற்றையும் ஏற்றி, ஆக்டிவேட்டும் செய்து கையில் கொடுக்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அப்படி வாங்கியவரிடம் லினக்ஸ் இலவசம் என்று சொன்னால், இதுவும் எனக்குச் சும்மாதானே வந்தது என்பார். ஆக, இங்கே ஓப்பன் சோர்ஸுக்கு நிஜமான போட்டி உரிமப் பூட்டை உடைத்த கிராக் காப்பிதான். அந்தக் கிராக்கை ஓட்ட முதலில் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். அணைத்த பிறகு உள்ளே என்னென்ன குடியேறியது என்று யாருக்கும் தெரியாது, ஆனால் அதே கணினியில்தான் ஜிஎஸ்டி தாக்கலும் நெட் பேங்கிங்கும் நடக்கும்.

அதனால் விலையை ஓரமாக வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான் இரண்டையும் ஒப்பிடுகிறேன்: பத்து வருஷம் கழித்து இந்த மென்பொருளை விட்டு வெளியே வர நினைத்தால், அதில் செய்த வேலை முழுக்க என்னோடு வருமா? இந்தத் தேர்வில் சில தனியுரிம மென்பொருள்கள் நன்றாகவே தேறுகின்றன, சில படுமோசமாகத் தோற்கின்றன. ஓப்பன் சோர்ஸ் என்று எழுதி ஒட்டியிருப்பதெல்லாம் தேறிவிடும் என்றும் சொல்ல முடியாது.

முதலில் இயங்குதளம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது, இனி கூடுதல் ஆதரவுத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் கொஞ்ச காலம் அப்டேட் வரும். விண்டோஸ் 11 முறையாகப் போட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசஸராவது இருக்க வேண்டும். இந்த ஊர் ஐடி கம்பெனிகள் கழித்துவிட்ட ஆறாம், ஏழாம் தலைமுறை திங்க்பேடுகளும் லாட்டிடியூடுகளும் பழைய சாமான் சந்தையில் குவிந்து கிடக்கின்றன. கீபோர்டு நன்றாக இருக்கும், திரை நன்றாக இருக்கும், ஒரு எஸ்எஸ்டியும் எட்டு ஜிபி ராமும் போட்டால் ஒரு கல்லூரிப் பிள்ளைக்குப் படிப்பு முடியும்வரை தாராளமாகத் தாங்கும். அப்படிப்பட்ட மெஷினை ரெட்மண்டில் மைக்ரோசாஃப்ட் எடுத்த ஒரு முடிவு குப்பை ஆக்குகிறது என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. அதே மெஷினில் லினக்ஸ் மின்ட் 22 ஏற்றினால் 2029 வரை பாதுகாப்பு அப்டேட் வரும், தமிழ்99 விசைப்பலகையும் ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவி வழியாக வந்துவிடும்.

ஆனால் அந்த லேப்டாப் ஆடிட்டர் ஆபிஸுக்குப் போகிறது என்றால் நான் லினக்ஸ் போடச் சொல்ல மாட்டேன். டிஜிட்டல் கையெழுத்துக்கான யூஎஸ்பி டோக்கனை லினக்ஸில் வேலை செய்ய வைப்பது பெரும்பாடு. கடைசித் தேதி அன்று மாலை டிரைவரோடு மல்லுக்கட்ட யாருக்கும் பொறுமை இருக்காது. பழைய மல்டி ஃபங்ஷன் பிரிண்டர்களும் அப்படித்தான், பிரிண்ட் வரும், ஸ்கேன் வராது.

கணக்கு மென்பொருளில் ஒப்பீடு இன்னும் சுலபம். டாலி இந்த ஊர் சரக்கு, 1986-இல் தொடங்கிய கம்பெனி, முழுக்கத் தனியுரிமம். எதிரே இருப்பது மும்பையைச் சேர்ந்த ஃப்ராப்பே கம்பெனி உருவாக்கும் ஈஆர்பி நெக்ஸ்ட், ஜிபிஎல் என்ற திறந்த உரிமத்தில் வருகிறது, சோர்ஸ் முழுக்கத் திறந்தே இருக்கிறது. சிவாஜி நகரில் ஒரு ஹார்டுவேர் கடை வைத்திருப்பவருக்கு நான் டாலியைத்தான் சொல்வேன். அவருடைய ஆடிட்டருக்கு டாலி தெரியும், பில் போடும் பையனுக்கு டாலி தெரியும், அந்தப் பையன் வேலையை விட்டுப் போனால் மறுநாளே டாலி தெரிந்த இன்னொருவர் கிடைப்பார். முக்கியமாக, டாலியிலிருந்து கணக்கை எக்ஸெலாகவோ எக்ஸ்எம்எல்லாகவோ வெளியே எடுக்கலாம். பூட்டிய வீடுதான், ஆனால் சாவி நம் கையிலும் ஒன்று இருக்கிறது. பீன்யாவில் இருபது முப்பது பேர் வேலை செய்யும் பட்டறை, உற்பத்தி, சரக்கிருப்பு, சம்பளம் எல்லாம் ஒரே இடத்தில் வேண்டும், கூடவே சொந்தமாகச் சில மாற்றங்களும் வேண்டும் என்றால் அங்கே ஈஆர்பி நெக்ஸ்ட் கொடிகட்டிப் பறக்கும். அதைப் பராமரிக்க ஆள் வேண்டும், அந்தச் செலவை முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் ஒன்று. அலுவலக மென்பொருள் விற்கும் ஜோஹோ நம்ம நாட்டுக் கம்பெனி என்ற பெருமை எனக்கும் உண்டு. ஆனால் உள்நாட்டு மென்பொருள் வேறு, திறந்த மென்பொருள் வேறு. ஜோஹோவுக்கும் இதே கேள்வியைத்தான் வைக்க வேண்டும், அமெரிக்கக் கம்பெனிக்கு ஒரு அளவுகோல், நம்மவருக்கு இன்னொன்று என்று இருக்கக் கூடாது.

இனி எனக்கு மிகவும் வயிற்றெரிச்சலைத் தரும் விஷயத்துக்கு வருகிறேன்: தமிழ் டிடிபி, அதாவது கணினியில் அச்சுப் பக்கம் அமைக்கும் வேலை.

ஸ்ரீராமபுரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு அச்சகம் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், தமிழ் அமைப்புகளின் ஆண்டு மலர் எல்லாம் அடிப்பார்கள். இருபது வருஷத்துக்கு மேலான வேலை அத்தனையும் சிடிக்களில் இருக்கிறது, அத்தனையும் அடோபியின் பக்க அமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரில் செய்த கோப்புகள். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல், அதோடு அடோபி அதை நிறுத்திவிட்டது. எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீடான யூனிகோட் என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. அதனால் தமிழ் எழுத்துரு விற்றவர்கள் ஆளுக்கொரு முறையில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்து விற்றார்கள். 1999-இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்று எழுத்துருக் குறியீட்டுத் தரம் அறிவித்தும் அச்சகங்களில் அவரவர் வழியே தொடர்ந்தது. பாமினி என்ற எழுத்துருவில் அடித்த 'தமிழ்' என்ற சொல்லை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஒரு அரைப்புள்ளி என்றுதான் தெரியும். சில கம்பெனிகளின் தமிழ் மென்பொருளுக்குக் கணினியின் பின்னால் டாங்கிள் என்ற உரிமச் சாவி வேறு சொருக வேண்டும். அந்த டாங்கிள் பழுதாகி, விற்ற கம்பெனியும் போன் எடுக்காமல் போனதால், அந்த அச்சகத்து அண்ணன் தன் கையால் அடித்த மலரைத் தானே திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

கோப்புகளை மீட்டது எது தெரியுமா? லிப்ரே ஆபிஸ். 2015-இல் வந்த 4.4 பதிப்பிலிருந்து அது பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கும். அடோபியே கைவிட்ட வடிவத்தை, யாரோ சிலர் பைட் பைட்டாக ஆராய்ந்து, எழுதி, எல்லோருக்கும் பொதுவில் வைத்தார்கள். பக்க அமைப்பு அப்படியே வராது, பெட்டிகள் இடம் மாறும், ஆனால் எழுத்து வந்துவிடும். வந்த எழுத்தை ஓப்பன்-தமிழ் என்ற பைதான் தொகுப்பு போன்ற கருவிகளில் போட்டு யூனிகோடாக மாற்றலாம். மாற்றுவதும் வெறும் எழுத்துக்கு எழுத்து பதிலீடு கிடையாது. பழைய முறையில் 'கொ' என்றால் முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க, பிறகு துணைக்கால் என்று மூன்று தட்டு. யூனிகோடில் க முதலில், அதற்கப்புறம் ஒகரக் குறி. வரிசையையே திருப்பிப் போட வேண்டும். அதோடு ஔவையாரை ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடித்திருப்பார்கள், அச்சில் கண்ணுக்குத் தெரியாது, தேடும்போதுதான் சிக்கும்.

"இதெல்லாம் எனக்கு எதுக்கு தம்பி, கஸ்டமர் இன்னைக்கும் சிடிஆர் ஃபைலோடதானே வர்றாங்க" என்றார் அண்ணன். நியாயமான கேள்வி. சிடிஆர் என்பது கோரல்டிரா கோப்பு. ஓப்பன் சோர்ஸ் வரைகலை மென்பொருளான இங்க்ஸ்கேப்பும் லிப்ரே ஆபிஸும் கோரல் கோப்பைத் திறக்கும்தான், ஆனால் நிழலும் எஃபெக்டும் போட்ட டிசைன் என்றால் ஏதாவது ஒன்று குலைந்துதான் வரும், அதை அப்படியே அச்சுத் தகட்டுக்கு அனுப்ப முடியாது. திறந்த பட மென்பொருளான கிம்ப்பின் 3.0 பதிப்பு 2025 மார்ச்சில் வந்தது, நல்ல முன்னேற்றம், ஆனாலும் அச்சுக்கு வேண்டிய சிஎம்ஒய்கே என்ற நாலு மை வண்ண வேலைக்கு போட்டோஷாப் பக்கத்தில் இன்னும் நிற்க முடியவில்லை. அதனால் அச்சகத்துக்கு ஒரு மெஷினில் காசு கொடுத்து வாங்கிய கோரல்டிரா இருக்கட்டும் என்றேன். ஆனால் மலரின் கட்டுரைகள், கவிதைகள், பெயர்ப் பட்டியல் எல்லாம் முதலில் ஓடிஎஃப் என்ற திறந்த வடிவத்தின் ஓடிடி கோப்பாக, யூனிகோடில் இருக்க வேண்டும். ஓடிஎஃப் 2006-லேயே ஐஎஸ்ஓ தரம் ஆகிவிட்டது, நாளைக்கு லிப்ரே ஆபிஸே இல்லாமல் போனாலும் அதைப் படிக்க இன்னொரு மென்பொருள் எழுதிவிடலாம். டிசைன் மட்டும் கோரலில் இருந்தால் போதும், அது போனாலும் மறுபடி செய்யலாம். 2013-இல் அடோபி புதுப் பதிப்புகளை மொத்தமாக வாங்கும் முறையை நிறுத்திச் சந்தாவுக்கு மாறியபோது என்ன ஆனது என்று டிசைனர்களைக் கேட்டுப் பாருங்கள்.

பக்கத்துக் கடையில் கன்னட வேலை செய்கிறவருக்கும் இதே தலைவலி, நுடி, பரஹா என்ற கன்னட மென்பொருள்களில் அடித்த பழைய கோப்புகளை மாற்றிக்கொண்டிருக்கிறார்.

இன்று போனில் தமிழ் ஒழுங்காகத் தெரிவதற்கும் ஓப்பன் சோர்ஸ்தான் பெரிய காரணம். எழுத்துகளையும் குறிகளையும் சரியாகக் கோத்துத் திரையில் காட்டும் வேலையை ஹார்ஃபபஸ் என்ற நூலகம் செய்கிறது. ஆண்ட்ராய்டு, குரோம், பயர்பாக்ஸ், லிப்ரே ஆபிஸ் எல்லாவற்றிலும் அதுதான். ஒரு இடத்தில் பிழையைத் திருத்தினால் அத்தனை இடத்திலும் தமிழ் திருந்தும். அந்தக் காலத்து எழுத்துரு வியாபாரத்தில் இதைக் கனவில்கூட நினைக்க முடியாது.

சரி, பாதுகாப்பு. சோர்ஸ் திறந்திருந்தால் ஆயிரம் கண்கள் பார்க்கும், அதனால் ஓட்டை இருக்காது என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இணையத் தொடர்பைப் பூட்டிக் காக்கும் ஓப்பன் எஸ்எஸ்எல்லில் 2012-இல் நுழைந்த ஹார்ட்பிளீட் ஓட்டை 2014 ஏப்ரல்வரை வெளியே வரவில்லை. எல்லோரும் பயன்படுத்தினார்கள், யாரும் பார்க்கவில்லை. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் சின்ன மென்பொருளுக்குள் ஒருவர் நல்லவர்போல வருஷக்கணக்கில் பங்களித்து நம்பிக்கை சம்பாதித்து, பின்வாசல் ஒன்றைப் புகுத்தியிருந்தார். ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், வேறு கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் லாகின் அரை வினாடி தாமதமாகிறதே என்று நோண்டப் போய்ப் பிடித்தார். அவர் மைக்ரோசாஃப்ட் ஊழியர், ஆனால் அவர் நோண்டியது திறந்த மென்பொருளை, அதனால்தான் அடிவரை போக முடிந்தது.

அதே வருஷம் ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் கம்பெனி அனுப்பிய ஒரு பழுதான அப்டேட் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. பெங்களூர் விமான நிலையத்திலும் செக்-இன் தடுமாறியது, நாட்டின் பல விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். வாடிக்கையாளர்களால் உள்ளே எட்டிப் பார்க்க வழியே இல்லை. கம்பெனி என்ன சொல்கிறது என்று காத்திருந்து, ஒவ்வொரு மெஷினாக உட்கார்ந்து சரி செய்தார்கள். இரண்டு பக்கமும் ஓட்டை உண்டு. திறந்த பக்கத்தில் பார்க்க உரிமை இருக்கிறது, பார்ப்பவருக்குச் சம்பளம் இல்லை. மூடிய பக்கத்தில் சம்பளம் வாங்குபவர் இருக்கிறார், நமக்குப் பார்க்க உரிமை இல்லை. எக்ஸ்இசட் மென்பொருளைப் பல காலம் கிட்டத்தட்ட ஒற்றை ஆளாகத் தாங்கியவர் சோர்ந்து போயிருந்த நேரத்தில்தான் அந்த ஆசாமி உள்ளே நுழைந்தார். இந்த ஊரின் பங்குத் தரகுக் கம்பெனி ஜெரோதா 2024-இல் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் என்று ஓப்பன் சோர்ஸ் திட்டங்களுக்கு நிதி ஒதுக்கியதை அதனால்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். திறந்த மென்பொருளின் மேல் நின்று தொழில் செய்யும் மற்ற கம்பெனிகளும் இதைச் செய்யலாம்.

கடைசியாக சர்வர் பக்கம். ஒரு சர்வரைப் பல மெய்நிகர் கணினிகளாகப் பிரிக்கும் மென்பொருள் விற்கும் விஎம்வேரை பிராட்காம் 2023 நவம்பரில் வாங்கியது, அடுத்த மாதமே நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்திச் சந்தாவுக்கு மாற்றியது. வாடிக்கையாளர்களுக்கு இரண்டே வழி: சொன்ன தொகையைக் கட்டுவது, இல்லை முழுக்கப் பெயர்த்து வேறு இடம் போவது. ஓப்பன் சோர்ஸ் கம்பெனிகளும் இப்படித் திரும்பாமல் இல்லை. ஹாஷிகார்ப் 2023 ஆகஸ்டில், சர்வர்களை அமைக்கும் தன் டெராஃபார்மின் உரிமத்தை இறுக்கியது, வேகத் தரவுத்தளமான ரெடிஸ் 2024 மார்ச்சில் அதையே செய்தது. ஆனால் அதுவரை வெளியான சோர்ஸ் ஏற்கெனவே எல்லோர் கையிலும் இருந்தது. டெராஃபார்மிலிருந்து ஓப்பன்டோஃபு கிளைத்தது, ரெடிஸிலிருந்து அந்த மாதமே வால்கி கிளைத்தது. பெரும்பாலான இடங்களில் நிர்வாகிகள் ஒரு பேக்கேஜை மாற்றியதோடு வேலை முடிந்தது. 2025 மே மாதம் ரெடிஸே ஏஜிபிஎல் என்ற திறந்த உரிமத்தையும் சேர்த்துக்கொண்டு திறந்த பக்கத்துக்குத் திரும்பியது.

இப்போது புது சர்வர் பற்றி யார் கேட்டாலும் விஎம்வேருக்குப் பதிலாகத் திறந்த பிராக்ஸ்மாக்ஸ், அதற்குள் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், வால்கி என்று எழுதிக் கொடுக்கிறேன். கூடவே பிராக்ஸ்மாக்ஸின் சப்போர்ட் சந்தாவையும் பட்ஜெட்டில் ஒரு வரியாகச் சேர்க்கிறேன். இலவசமாகக் கிடைப்பதற்கு எதற்குக் காசு என்று நிர்வாகம் அந்த வரியை அடிக்கும்போது எக்ஸ்இசட் கதையைச் சொல்லி, மறுபடி எழுதி அனுப்புகிறேன்.