போர்க்கால மேசை: பிகாசோவா, மொராண்டியா?

இரண்டாம் உலகப்போரின்போது ஸ்பெயின் ஓவியர் பிகாசோ, இத்தாலிய ஓவியர் மொராண்டி இருவரும் சமையலறைச் சாமான்களை வரைந்தார்கள். ஆனால் பிகாசோவின் மேசையில் போர் வந்து உட்கார்ந்துவிடுகிறது. மொராண்டியின் மேசையில் அதற்கு இடமே இல்லை.

நாஜிகள் பிடித்த பாரிஸை விட்டுப் பிகாசோ போகவில்லை. 1941இல் அவர் வரைந்த ரத்த சாசேஜ் (ரத்தத்தைக் குடலில் அடைத்துச் செய்யும் உணவு) ஓவியத்தைப் பாருங்கள். எங்கும் சாம்பலும் கருப்பும். சாசேஜ் குடலைப் போலச் சுருண்டு கிடக்கிறது, பக்கத்தில் ஒரு கத்தி. கீழே திறந்த இழுப்பறைக்குள்ளிருந்து கத்திகளும் முட்கரண்டிகளும் கைகளைப் போல மேலே நீள்கின்றன. சாப்பாட்டு மேசையா, சித்திரவதைக்கூடமா என்று கேட்கத் தோன்றுகிறது. 1945 பிப்ரவரியில் வரைந்ததில் ஒரு கூஜா, எரியும் மெழுகுவர்த்தி, நீல எனாமல் பாத்திரம், அவ்வளவுதான். போரை உணர்த்த அந்த மூன்றும் போதும்.

இத்தாலியின் பொலோன்யாவில் இருந்த மொராண்டி வேறு ரகம். பளபளப்பு போக பாட்டில்களுக்கே வண்ணம் பூசி, தூசி படியவிட்டு வரைந்தவர். 1943இல் அவரைக் கொஞ்ச நாள் சிறையிலும் வைத்தார்கள். பிறகு குண்டுவீச்சுக்குத் தப்பி கிரிஸானா மலைக்கிராமத்துக்குப் போனார். ஓவியங்களில் இதற்கெல்லாம் தடயமே கிடையாது. அதைக் கண்ணை மூடிக்கொள்ளும் சாமர்த்தியம் என்பவர்கள் உண்டு; எனக்கு அது பிடிவாதமாகத்தான் படுகிறது.

போரை உணர வேண்டுமென்றால் என் ஓட்டு பிகாசோவுக்கே. வீட்டுச் சுவரில் மாட்டச் சொன்னால் மட்டும் மொராண்டி. அந்தச் சாசேஜைப் பார்த்துக்கொண்டே யார் சாப்பிடுவது?