19 கேபிளுக்கு ஒரு ஸ்விட்ச்: மைக்ரோடிக் சிஆர்எஸ்326

டேட்டா சென்டரின் வாடகை ரேக்கில் (சாதனங்களை அடுக்கி மாட்டும் இரும்புச் சட்டம்) எங்களுக்கு 5 சர்வர்கள். அதனால் அவற்றை இணைக்க 8 போர்ட் நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்று போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வாங்குவதற்கு முந்தின நாள் சும்மா ஒரு தாளில் எழுதிக் கூட்டினேன். சர்வருக்கு இரண்டு டேட்டா கேபிள், ஒரு ஐபிஎம்ஐ கேபிள் (சர்வரைத் தூரத்திலிருந்தே அணைக்க, எழுப்ப): 15 ஆச்சு. இரண்டு பிடியூவின் (ரேக்குக்குள் மின்சாரம் பகிரும் பட்டை) மேனேஜ்மென்ட் போர்ட்டுக்கு 2. டேட்டா சென்டர்காரர்கள் தரும் அப்லிங்க், அதாவது வெளி இணையத்துக்கான இணைப்பு, 2. மொத்தம் 19. நல்ல வேளை, தாள் பக்கத்தில் இருந்தது.

ஆக, 24 போர்ட், 1யூ (ரேக்கில் ஒரு தட்டு) உயரம், விலை கையைக் கடிக்கக் கூடாது. இப்படித் தேடி மூன்றாவதாக வந்து சேர்ந்ததுதான் மைக்ரோடிக் சிஆர்எஸ்326-24ஜி-2எஸ்+ஆர்எம். (பெயரை மனப்பாடம் செய்ய வேண்டாம், கடைக்காரரும் செய்திருக்க மாட்டார். கடைசியில் ஆர்எம், அதாவது ரேக்கில் மாட்டும் மாதிரி, இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.) முதல் இரண்டும் ஏன் போயின என்று சொல்லிவிடுகிறேன். உங்களுக்கும் அவைதான் முதலில் கண்ணில் படும்.

முதலாவது, பெரிய நிறுவனம் ஒன்று கழித்துப் போட்ட பழைய எண்டர்பிரைஸ் ஸ்விட்ச். பெயர் வேண்டாம், அது நல்ல சாதனம்தான், காலம்தான் அதைக் கடந்து போய்விட்டது. இரும்பு மாதிரி கனம், உள்ளேயே பவர் சப்ளை. வீட்டு மேஜையில் வைத்து ஓட்டியபோது மீட்டர் 60 வாட்டுக்குக் கீழே இறங்கவே இல்லை. கோலோவில் (நம் சர்வரை அடுத்தவர் டேட்டா சென்டரில் வைப்பது) நாம் இடத்துக்கு மட்டும் வாடகை கட்டுவதில்லை, ஆம்பியருக்கும் கட்டுகிறோம். 24 மணி நேரமும் 60 வாட் என்றால் வருடத்துக்கு 525 யூனிட். அதையாவது பொறுத்திருப்பேன். தூரத்திலிருந்து கட்டளை கொடுக்க அதில் எஸ்எஸ்ஹெச் போட்டபோது என் லேப்டாப் பேச மறுத்தது. அந்த ஸ்விட்சுக்குத் தெரிந்த கீ எக்ஸ்சேஞ்ச் (ரகசியச் சாவிப் பரிமாற்ற) முறைகள் எல்லாம் தாத்தா காலத்தவை. 2015இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 7.0 பதிப்பிலேயே அவற்றில் ஒன்றை இயல்பாக மூடி வைத்துவிட்டார்கள். புது ஃபர்ம்வேர் போடலாம் என்றால் அதற்கு சப்போர்ட் ஒப்பந்தம் வேண்டும். ஒப்பந்தம் பழைய முதலாளியின் பெயரில் இருந்தது.

இரண்டாவது, புதிய, மலிவான 'ஸ்மார்ட்' ஸ்விட்ச். பிரவுசரில் மட்டும் நிர்வகிக்கலாம், விலான் (ஒரே ஸ்விட்சைத் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிப்பது) உண்டு, மின்விசிறி இல்லை. கிட்டத்தட்ட வாங்கியே விட்டேன். நண்பர் தன்னுடையதை ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார், பிழைத்தேன். டிராஃபிக் கிராஃப் கோணல்மாணலாக வந்தது. பேக்கப் ஓடும் நடுராத்திரியில் கோடு மேலே ஏற வேண்டும், கீழே விழுந்துகொண்டிருந்தது. தோண்டிப் பார்த்தால், டிராஃபிக்கை எண்ணிச் சொல்லும் அதன் எஸ்என்எம்பி கவுண்ட்டர் 32 பிட் மட்டுமே.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் விளம்பரத் தாளில் இது இருக்காது. 32 பிட் கவுண்ட்டர் சுமார் 429 கோடி பைட் வரை எண்ணிவிட்டு மறுபடி பூஜ்யத்துக்குப் போய்விடும். கிகாபிட் லைன் முழு வேகத்தில் ஓடினால் அதற்கு 34 விநாடி போதும். நாம் கிராஃபுக்காக 5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் கேட்கிறோம். சராசரி சுமார் 114 மெகாபிட்டைத் தாண்டினாலே இரண்டு கேள்விகளுக்கு நடுவில் கவுண்ட்டர் ஒரு சுற்றாவது சுற்றிவிடும். அதற்கு மேல் எத்தனை சுற்று என்று யாருக்கும் தெரியாது. கோலோவில் பலருக்கு பில் வருவது 95ஆவது பெர்சென்டைல் கணக்கில். மாதம் முழுக்க 5 நிமிட அளவீடுகள், அதில் உச்சத்தில் இருக்கும் 5 சதவீதத்தைத் தள்ளிவிட்டு மிச்சத்தில் பெரியது எதுவோ அதற்குப் பணம். 30 நாள் மாதத்தில் 36 மணி நேரம் தள்ளுபடி என்று வையுங்கள். அவர்கள் பில்லை நான் சரிபார்க்க வேண்டுமானால் என்னிடம் சொந்தக் கணக்கு வேண்டும். 64 பிட் கவுண்ட்டர் இல்லாத ஸ்விட்ச் வைத்துக்கொண்டு சண்டைக்குப் போக முடியாது. மைக்ரோடிக்கில் ரௌட்டர்ஓஎஸ் என்ற அதன் மென்பொருளை ஓட்டினால் இது இருக்கிறது.

சரி, பெட்டிக்கு வருவோம். 24 கிகாபிட் போர்ட், இரண்டு 10 கிகாபிட் எஸ்எஃப்பி பிளஸ் போர்ட், ரேக் காதுகள், சீரியல் கன்சோல் (நெட்வொர்க் இல்லாமல் நேரடியாகக் கேபிள் செருகிப் பேச). மின்விசிறி கிடையாது. அதிகபட்சம் 24 வாட் என்று நிறுவனமே சொல்கிறது, அதாவது வருடம் முழுக்க உச்சத்தில் ஓடினாலும் 210 யூனிட். ஆழம் வெறும் 144 மில்லிமீட்டர். கையில் எடுத்தபோது பொம்மை மாதிரி இருந்தது. அந்தப் பழைய இரும்புக்குப் பிறகு கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது.

அந்த ஆழம்தான் உண்மையில் உபயோகம். சர்வர்களின் போர்ட் எல்லாம் பின்பக்கம் இருக்கிறது. ஸ்விட்சை முன்பக்கம் மாட்டினால் 19 கேபிளும் ரேக்கைச் சுற்றி வர வேண்டும். அதனால் பின்பக்கத் தூண்களில், போர்ட் பின்னால் பார்க்கும்படி மாட்டினேன். மின்விசிறி உள்ள ஸ்விட்சாக இருந்தால் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க வேண்டும். தப்பான திசை என்றால் சர்வர்கள் ஊதித் தள்ளும் சூட்டையே அது உறிஞ்சும். இதில் அந்தக் கவலை இல்லை, ஆனால் அந்தச் சூட்டிலேயே உட்கார்ந்திருக்கப் போகிறது என்பதும் நிஜம். மேலே ஒரு யூ காலியாக விட்டேன்.

பவர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இதற்குள் பவர் சப்ளை இல்லை, வெளியே 24 வோல்ட் அடாப்டர். ரேக்கில் இருக்கும் பிடியூவின் சாக்கெட்டும் அடாப்டரின் பிளக்கும் பொருந்தாது. இடையில் மாற்று கேபிள் ஒன்று வேண்டும், அதை மறக்காமல் கொண்டுபோங்கள். நான் மறந்தேன். ஆனால் இதே வடிவமைப்பில் ஒரு நல்ல காரியம் ஒளிந்திருக்கிறது. டிசி ஜாக் தவிர, முதல் ஈதர்நெட் போர்ட் வழியாகவும் பவர் ஏற்றுக்கொள்ளும், 10 முதல் 30 வோல்ட் வரை. ஆகவே டிசி ஜாக்கை ஒரு பிடியூவிலும், ஒரு கிகாபிட் இன்ஜெக்டர் (நெட்வொர்க் கேபிளில் மின்சாரம் ஏற்றும் சிறு பெட்டி) மூலம் முதல் போர்ட்டை இன்னொரு பிடியூவிலும் கொடுத்தேன். ஒரு லைன் போனாலும் ஸ்விட்ச் விழாது. இந்த விலையில் இரட்டைப் பவர் கொண்ட ஸ்விட்ச் வேறு எதையும் நான் பார்க்கவில்லை. ரேக்குக்குள் தொங்கும் இரண்டு அடாப்டர்களை வெல்க்ரோ போட்டு இறுக்கிக் கட்டுங்கள், இல்லையென்றால் அடுத்த முறை யாரோ சர்வரை இழுக்கும்போது சேர்ந்து வரும்.

மென்பொருளில் இரண்டு வழி. பூட் ஆகும்போது ரௌட்டர்ஓஎஸ் வேண்டுமா, ஸ்விட்ச்ஓஎஸ் வேண்டுமா என்று தேர்ந்தெடுக்கலாம். ஸ்விட்ச்ஓஎஸ் எளிமையானது, பத்து நிமிடத்தில் புரியும், ஆனால் பிரவுசர் மட்டும்தான், எஸ்எஸ்ஹெச் இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் அதையே சொல்வேன். நேரில் போக முடியாத இடத்தில் இருப்பதால் ரௌட்டர்ஓஎஸ் எடுத்தேன். முழு அமைப்பையும் எக்ஸ்போர்ட் என்ற ஒரே கட்டளையில் எழுத்துக் கோப்பாக எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் ரௌட்டர்ஓஎஸ் படிக்காமல் தொட்டால் உதைக்கும். இரண்டு முறை வாங்கினேன், இரண்டும் என் தப்புதான்.

முதல் உதை விலானில். ஐபிஎம்ஐ போர்ட்டுகளைத் தனி விலானில் பிரித்தே ஆக வேண்டும், அதை யாரும் பேரம் பேசக் கூடாது. ஐபிஎம்ஐ 2.0 நெறிமுறையே லாகின் முடிவதற்கு முன்னால் பாஸ்வேர்டின் ஹாஷை, அதாவது அதிலிருந்து கணக்கிட்ட குறியை, கேட்டவருக்குக் கொடுத்துவிடும்படி அமைந்தது. அது பொது இணையத்தில் கிடந்தால் வீட்டுச் சாவியைத் திண்ணையில் வைத்த மாதிரி. சரி என்று எல்லாக் கட்டளைகளையும் எழுதி, கடைசியில் பிரிட்ஜில் (போர்ட்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் அமைப்பு) விலான் ஃபில்டரிங்கை இயக்கினேன். நான் எந்த விலான் வழியாக உள்ளே வந்திருந்தேனோ அதில் பிரிட்ஜையே உறுப்பினராகச் சேர்க்க மறந்திருந்தேன். திரை உறைந்தது. ரிமோட் ஹேண்ட்ஸுக்கு (நமக்காக ரேக்கில் கை வைக்கும் டேட்டா சென்டர் ஆட்கள்) டிக்கெட் போட்டு, ஒருவர் வந்து சீரியல் கேபிள் செருகி, நான் தொலைபேசியில் எழுத்தெழுத்தாகச் சொல்ல, அவர் தட்ட, ஒன்றரை மணி நேரம். அதன் பிறகுதான் சேஃப் மோட் என்று ஒன்று இருப்பதைப் படித்தேன். கண்ட்ரோல் எக்ஸ் அழுத்திவிட்டு வேலையைத் தொடங்கினால், இணைப்பு அறுந்துபோன சில நிமிடங்களில் அது வரைக்கும் செய்த மாற்றங்களைத் தானாகவே திரும்ப எடுத்துக்கொள்ளும். இப்போது கை தானாக அதைத்தான் முதலில் அழுத்துகிறது.

இரண்டாவது உதை அப்லிங்கில். ஒரு சனிக்கிழமை, அப்லிங்கைப் புது பிரிட்ஜுக்கு மாற்றினேன். மூன்று விநாடியில் டேட்டா சென்டர் பக்கத்து போர்ட் அணைந்தது. காரணம், ரௌட்டர்ஓஎஸ் பிரிட்ஜ் இயல்பாகவே ஆர்எஸ்டிபி என்ற, லூப்பைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ முறையை ஓட்டும், அதனால் எல்லா போர்ட்டிலும் பிபிடியூ என்ற அதன் அறிவிப்புப் பாக்கெட்டுகளை அனுப்பும். எதிர்ப்பக்கம் பிபிடியூ கார்டு வைத்திருந்தார்கள். வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து ஒரு பிபிடியூ வந்தாலே போர்ட்டை மூடிவிடுவது அது. அவர்கள் செய்தது சரியான காரியம். அவர்கள் பக்கம் போர்ட்டைத் திறந்துவிட்ட பிறகு, ஸ்பானிங் ட்ரீயை நான் நிறுத்திவிட்டேன். அதற்குப் பதில் சர்வர் போர்ட்டுகளில் லூப் ப்ரொடெக்ட் போட்டேன், யாராவது ஒரு கேபிளின் இரண்டு முனையையும் இதே ஸ்விட்சில் செருகினால் பிடித்துக்கொள்ளும். நீங்கள் எந்த பிராண்ட் வாங்கினாலும், ரேக்குக்குப் போகுமுன் உங்கள் டேட்டா சென்டரிடம் பிபிடியூ கார்டு உண்டா என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள்.

வேகம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஓடுகிறது. ஒன்றே ஒன்று கவனியுங்கள்: இதன் சிபியு ஒரே கோர், 800 மெகாஹெர்ட்ஸ். பாக்கெட்டுகள் ஸ்விட்ச் சிப்பிலேயே கடந்து போகும்வரை எதுவும் தெரியாது. அமைப்பைக் கோணலாக எழுதி அவற்றை சிபியுவுக்குத் தள்ளிவிட்டால் ஆமை. பிரிட்ஜ் போர்ட் பட்டியலில் ஒவ்வொரு வரியிலும் ஹெச் என்ற எழுத்து இருக்க வேண்டும், ஹார்ட்வேர் வழியாகப் போகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். இதை ரௌட்டராகவும் பயன்படுத்தலாம் என்று பெயரைப் பார்த்து நினைப்பவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள். ஃபயர்வால், நாட் (ஒரே ஐபி முகவரியைப் பல சாதனங்கள் பகிர்வது) எல்லாம் வேண்டுமானால் வேறு பெட்டி பாருங்கள்.

10 கிகாபிட் போர்ட் இரண்டையும் ஸ்டோரேஜ் சர்வருக்கும் பேக்கப் சர்வருக்கும் கொடுத்தேன், ஒரு மீட்டர் டிஏசி (இரு முனையிலும் செருகியோடு வரும் செம்பு) கேபிளில். ராத்திரி பேக்கப் ஓடும் நேரம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ஏன் பத்தில் ஒரு பங்காகவில்லை என்றால், டிஸ்க்குகள்தான் மூச்சு வாங்குகின்றன. அதற்கு முன் நான்கு கிகாபிட் கேபிளை எல்ஏசிபியில் (பல கேபிளை ஒரே லைனாகச் சேர்க்கும் முறை) கட்டிப் பார்த்திருந்தேன். பலர் சேர்ந்து பேசினால் அது பயன் தரும், ஒரே பேக்கப் ஓட்டத்துக்கு ஒரு கேபிளின் வேகம்தான் கிடைக்கும்.

2018இல் மைக்ரோடிக்கின் வின்பாக்ஸ் (தூரத்திலிருந்து நிர்வகிக்கும் கருவி) சேவையில் ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தது நினைவிருக்கலாம். திருத்தம் அந்த ஏப்ரலிலேயே வந்துவிட்டது, ஆனால் அப்டேட் செய்யாமல் இணையத்துக்குத் திறந்து வைத்திருந்த சாதனங்கள் அதற்குப் பிறகும் வெகுநாள் கொள்ளை போயின. என் ஸ்விட்சில் வின்பாக்ஸ், டெல்நெட், வெப் எல்லாம் மூடியாச்சு. எஸ்எஸ்ஹெச் மட்டும், அதுவும் மேனேஜ்மென்ட் விலானில் மட்டும். அந்த விலானுக்குள் வர இரண்டு சர்வர்களில் வயர்கார்டு என்ற விபிஎன் ஓடுகிறது. ஒரே ஒன்றில் வைத்தால் அது படுக்கும் நாளில் ஸ்விட்சும் எட்டாது.

பவர் சப்ளை உள்ளேயே வேண்டும் என்பவர்களுக்கும், கட்டளை எழுதப் பொறுமையில்லாதவர்களுக்கும், எல்லா சர்வருக்கும் 10 கிகாபிட் கேட்பவர்களுக்கும் இது வேண்டாம். மற்ற சின்ன ரேக்குகளுக்கு நான் தயங்காமல் சொல்வேன். விலை குறைவு என்பதால் ஒன்றுக்கு இரண்டாக வாங்கினேன். இரண்டாவது அதே அமைப்பு ஏற்றப்பட்டு, பவர் இல்லாமல், ரேக்கின் அடியில் கிடக்கிறது. 19 கேபிளின் இரு முனையிலும் போர்ட் எண் ஒட்டியிருக்கிறேன். 11ஆம் எண் மட்டும் என் கையெழுத்தில் 17 மாதிரி தெரிகிறதாம், ரிமோட் ஹேண்ட்ஸ் தம்பி சொன்னார். அடுத்த முறை போகும்போது மாற்ற வேண்டும்.