நிலக்கரிக்குள் மீத்தேன்: உள்ளூர் நுண்ணுயிருக்குச் சத்தா, வெளியூர் நுண்ணுயிரா?

அமெரிக்காவின் பவுடர் ரிவர் படுகையில், வயோமிங்–மொன்டானா பக்கம், நிலக்கரிப் படுகையிலிருந்து எடுக்கும் மீத்தேன் பெரும்பாலும் நுண்ணுயிர்கள் செய்தது. கிணற்றில் வாயு குறைந்தால் அதைத் திரும்ப ஊறவைக்க இரண்டு வழி சொல்கிறார்கள்.

முதல் வழி, அங்கேயே இருக்கும் நுண்ணுயிர்க் கூட்டத்துக்குத் தீனி போடுவது. மீத்தேன் விடும் ஆர்க்கியாவால் (பாக்டீரியா மாதிரியே இருக்கும், ஆனால் வேறு வகை நுண்ணுயிர்) நிலக்கரியை நேரடியாகத் தின்ன முடியாது என்றுதான் ரொம்ப நாள் நம்பினார்கள் (2016ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒரு விதிவிலக்கைக் காட்டினார்கள், நிலக்கரியில் இருக்கும் மெத்தாக்ஸி என்ற வகைச் சேர்மங்களிலிருந்தே மீத்தேன் செய்யும் ஓர் ஆர்க்கியா). பொதுவாக, பாக்டீரியாக்கள் முதலில் நிலக்கரியை உடைத்து அசிட்டேட், ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு என்று கொடுக்க வேண்டும், அப்புறம்தான் ஆர்க்கியாவின் முறை. மெதுவாக நடப்பது இந்த உடைக்கும் வேலைதான். அதனால் நைட்ரஜன், பாஸ்பரஸ், ஈஸ்ட் சாறு, மொன்டானாவில் பாசிச் சாறு கூட கொடுத்துப் பார்க்கிறார்கள்.

இரண்டாவது, வெளியிலிருந்து ஆள் இறக்குவது. டெக்சாஸில் வாயு தராத ஒரு நிலக்கரியில், சதுப்பு நிலத்திலிருந்து வளர்த்த கூட்டத்தைச் சேர்த்து ஆய்வகத்தில் மீத்தேன் வரவைத்தார்கள். ஆனால் ஆய்வகக் குடுவை வேறு, நூற்றுக்கணக்கான அடி ஆழம் வேறு. ஆக்ஸிஜன் ஆகாத இந்த ஆர்க்கியாவை உயிரோடு இறக்கினாலும், நிலக்கரியின் மெல்லிய விரிசல்களுக்குள் அது பரவ வேண்டும், ஏற்கெனவே அங்கே பழகிப்போன கூட்டத்தோடு மல்லுக்கட்டவும் வேண்டும்.

என் ஓட்டு தீனிக்குத்தான். ஒரு காலத்தில் பூமிக்கடியில் பட்ட வெப்பத்தில் நுண்ணுயிர்களே அழிந்துபோன படுகை என்றால் சரி, ஆள் இறக்கிப் பார்க்கலாம். படுகை நீரில் சல்பேட் (ஒரு கந்தக உப்பு) நிறைய இருந்தால் மட்டும் இரண்டுமே வீண், சல்பேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியா முந்திக்கொண்டு ஆர்க்கியாவுக்கு வேண்டிய ஹைட்ரஜனைப் பிடுங்கிவிடும்.