புதுச்சேரியில் பழைய யெஸ்டி வாங்கி ஏமாந்தேன்: வண்டி தேடுகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

கடலூர், புதுச்சேரி பக்கம் பழைய யெஸ்டி, ஜாவா பைக் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். "ரெண்டு மூணு பார்ட்ஸ்தான் இல்லை அண்ணா, ஒரு வாரத்துல வீட்டுக்கே அனுப்பிடறேன்" என்று யாராவது சொன்னால், அந்தப் பொருள் உங்கள் கைக்கு வரும்வரை மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். நான் 92,000 ரூபாயையும் முழுசாகக் கொடுத்தேன். ஏழு மாதம் ஆகிறது. பொருளும் வரவில்லை, வண்டியும் என் பெயருக்கு மாறவில்லை.

என் பெரியப்பா நெய்வேலி சுரங்கத்தில் வேலை பார்த்தவர். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து குறிஞ்சிப்பாடி, வடலூர் வழியாகப் பல வருஷம் யெஸ்டியில்தான் வேலைக்குப் போய் வந்தார். ஒரே சிலிண்டர், இரண்டு சைலன்சர். கிக்கரை உதைத்து ஸ்டார்ட் செய்துவிட்டு, அதையே மடக்கிக் கியராக்கிக் கொள்வார். சின்ன வயதில் அந்த டேங்கின் மேல் உட்கார்ந்து போனவன் நான். 1999-ல் அக்கா கல்யாணத்தின்போது அந்த வண்டியை விற்றுவிட்டார். அதே மாதிரி ஒன்றை வாங்கி அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்பது எனக்கு ரொம்ப நாள் ஆசை.

போன ஜூன் மாதம் வில்லியனூர் பக்கத்தில் ஒருவரிடம் 1984 மாடல் யெஸ்டி இருப்பதாகத் தெரிந்தது. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டுப் பழைய வண்டிகளை வாங்கி விற்கிறவர். புகார் நடந்துகொண்டிருப்பதால் அவர் பெயரையும் நம்பரையும் இங்கே போடவில்லை.

நான் போனபோது வண்டி ஸ்டார்ட்டில் இருந்தது. "நீங்க வர்றீங்கன்னுதான் எடுத்து வச்சேன்" என்றார். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால், நடந்த எல்லாத் தப்பும் அங்கேதான் ஆரம்பித்தது. பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியைப் பார்க்கப் போனால் என்ஜின் ஆறிக் கிடக்க வேண்டும். கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் ஒரு டீ குடித்துவிட்டு, இல்லை மறுநாள் போய், நீங்களே உதைத்து எடுங்கள்.

புகை கொஞ்சம் அதிகமாக வந்தது. கேட்டேன். "ரொம்ப நாள் நின்ன வண்டி, டூ-டி ஆயில் கூட ஊத்தியிருக்கேன், ரெண்டு டேங்க் ஓட்டினா நின்னுடும்" என்றார். டூ-டி என்பது டூ ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோலில் கலக்கும் ஆயில். பாட்டரி புத்தம் புதுசு, பில்லோடு காட்டினார். என்ஜின் பிரிக்காத வண்டி என்று நாலு தடவையாவது சொல்லியிருப்பார். சேஸ் நம்பரையும் என்ஜின் நம்பரையும் பேப்பர் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, ஆர்சி புத்தகத்தோடு ஒப்பிட்டேன். இரண்டும் சரியாக இருந்தன. அந்த ஒன்று சரியாக இருந்ததாலேயே மற்ற எல்லாவற்றையும் நம்பிவிட்டேன்.

இல்லாத பொருள்கள் கண்ணுக்குத் தெரிந்தன, அதை மறுக்கவில்லை. யெஸ்டியில் பின் செயின் முழுவதையும் மூடி ஒரு தகர செயின் கேஸ் வரும். அது இல்லை. கார்புரேட்டர் மூடி இல்லை. இடது பக்க டூல் பாக்ஸ் கதவும் அதன் பூட்டும் இல்லை. டேங்கின் இரண்டு பக்கமும் முழங்கால் படும் இடத்தில் வரும் ரப்பர் ஒன்றுதான் இருந்தது. "எல்லாம் பெயின்டுக்குப் போயிருக்கு" என்று சொல்லி, போனில் ஒரு போட்டோ காட்டினார். நீலப் பிளாஸ்டிக் ஷீட் விரித்து அதன் மேல் செயின் கேஸ், மூடி, கதவு, ரப்பர் எல்லாம் வரிசையாக வைத்திருந்தது. "அப்படியே கிடைக்கலைன்னாலும் கம்பெனிதான் திரும்ப வந்துடுச்சே, ஷோரூம்லயே வாங்கிக்கலாம்" என்றும் சொன்னார்.

இந்தக் கடைசிப் பேச்சை யாரும் நம்பாதீர்கள். நாம் தேடுகிற யெஸ்டியைச் செய்தது மைசூரில் இருந்த ஐடியல் ஜாவா கம்பெனி. 1996-ல் அது மூடப்பட்டது. 2022-ல் அதே பெயரில் மறுபடி வந்தது நாலு ஸ்ட்ரோக் என்ஜின் கொண்ட வேறு வண்டி. அதன் செயின் கேஸும் மூடியும் இதில் உட்காராது. பழைய வண்டிக்குப் பொருள் வேண்டுமென்றால் பழைய ஸ்டாக் வைத்திருப்பவரிடமோ, வேறொரு பழைய வண்டியிலிருந்து கழற்றியோதான் வாங்க வேண்டும். அதனால்தான் இல்லாத ஒவ்வொரு பொருளுக்கும் தனி விலை. விற்பவருக்கு அது நன்றாகத் தெரியும்.

சரி, பணத்தைக் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் கிளம்பினேன். தவளக்குப்பம் வரை வண்டி அருமையாக ஓடியது. கிருமாம்பாக்கம் தாண்டும்போது இருட்டிவிட்டது, ஹெட்லைட் போட்டேன். முள்ளோடை வருவதற்குள் வெளிச்சம் மஞ்சளாகி, என்ஜின் விட்டு விட்டு அடிக்க ஆரம்பித்தது. ரெட்டிச்சாவடி பக்கம் மொத்தமாக நின்றுவிட்டது. அதற்குப் பிறகு உதைத்து உதைத்துக் கால்தான் வலித்தது. கடைசியில் ஒரு டாடா ஏஸ் பிடித்து ஏற்றி வந்தேன்.

மறுநாள் கடலூர் முதுநகரில் நாற்பது வருஷமாக யெஸ்டி வேலை பார்க்கும் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். பெரியப்பாவும் கூட வந்தார். அவர் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார், எதுவும் சொல்லவில்லை. டூல் பாக்ஸுக்குள் கையை விட்டு ஒரு மூலையைத் தடவி விரலைக் காட்டினார். மாவு மாதிரி நைசான வண்டல் மண்.

அண்ணன் வலது பக்கக் கவரைக் கழற்றினார். இந்த வண்டியில் என்ஜினுக்கு மின்சாரம் பாட்டரியிலிருந்து வருகிறது. ஓட ஓட அந்தப் பாட்டரியை டைனமோ சார்ஜ் செய்ய வேண்டும். இங்கே டைனமோ காயில் எரிந்து கருகி, வயரை வெட்டி டேப் சுற்றி விட்டிருந்தார்கள். சார்ஜை அளவோடு வைக்கும் ரெகுலேட்டர் பெட்டி வெளியே பார்க்க ஜம்மென்று இருந்தது. திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் கூடு. அதாவது, முழுசாக சார்ஜ் ஏற்றிய புதுப் பாட்டரியின் பலத்தில் மட்டும் வண்டி ஓடியிருக்கிறது. லைட் போட்டதும் அது தீர்ந்துவிட்டது. இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். சாவி போட்டதும் ஹெட்லைட் மேல் ஒரு சின்ன சிவப்பு விளக்கு எரிய வேண்டும், ஆக்சிலேட்டர் கொடுத்ததும் அணைய வேண்டும். அணையவில்லை என்றால் சார்ஜ் ஏறவில்லை. என் வண்டியில் அந்த பல்பையே பிடுங்கி வைத்திருந்தார்கள். அது எரியாததை நான் கவனிக்கவும் இல்லை.

அடுத்து கியர் பாக்ஸ் ஆயிலை இறக்கினார். பால் விட்ட டீ நிறத்தில் வந்தது. "தம்பி, இது தண்ணியில நின்ன வண்டி" என்றார். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது நமக்கெல்லாம் நினைவிருக்கும். தென்பெண்ணை பெருகிக் கடலூரிலும் எத்தனையோ வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. அந்த வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் கழுவி, பெயின்ட் அடித்து, இப்போது ஒவ்வொன்றாக விலைக்கு வருகின்றன. என்னுடையது அதில் ஒன்று.

என்ஜினை முழுசாகப் பிரித்தபோது, உள்ளே சுழலும் தண்டான கிராங்கின் பேரிங்கில் துருப் புள்ளிகள். கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் டக் டக் என்று ஆட்டம். இடது பக்க கிராங்க் ஆயில் சீல் விறைத்து வெடித்திருந்தது. அது போனால் கியர் பாக்ஸ் ஆயில் என்ஜினுக்குள் இழுக்கப்பட்டுப் பெட்ரோலோடு சேர்ந்து எரியும். அந்தப் புகைக்குக் காரணம் இதுதான். பெட்ரோலில் அதிகமாக ஊற்றிய ஆயில் என்று விற்றவர் சொன்னது பொய். என்ஜின் கேஸின் அடியில் ஒரு விரிசலை எம்-சீல் பசை தடவி அடைத்து, மேலே சில்வர் பெயின்ட் அடித்திருந்தார்கள். பிரிக்காத என்ஜினாம். சிலிண்டரைக் குடைந்து, ஏற்கெனவே ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டிருந்தது. டேங்கில் காந்தத்தை வைத்துப் பார்த்தோம். வலது பக்கம் ஒட்டவே இல்லை, நசுங்கலை மறைக்க அவ்வளவு பட்டி பூசியிருந்தது.

என்ஜினுக்கும் டைனமோவுக்கும் மட்டும் 31,000 ஆகும் என்றார் அண்ணன். செயின் கேஸ், மூடி, கதவெல்லாம் அதில் சேராது.

பெரியப்பா அங்கே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "எனக்காகவாடா வாங்கின" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

செலவுகூடப் பரவாயில்லை, செய்துகொள்ளலாம். பேப்பரில்தான் நிஜமாகவே மாட்டிக்கொண்டேன். வாகன விவரம் பார்க்கும் அரசு ஆப்பில் நம்பரைப் போட்டால் பதிவே இல்லை என்று வந்தது. "பழைய வண்டி, கம்ப்யூட்டர்ல ஏத்தலை" என்று விற்றவர் சொன்னது பாதி உண்மை. பழைய ஆர்சிகள் பல இன்னும் கணினியில் ஏறவில்லை. ஆனால் அது ஏறாமல் பெயர் மாறாது. ஆர்சியின் தேதியும் முடிந்துவிட்டது. பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு எஃப்சி (தகுதிச் சான்று) காட்டி ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். "வின்டேஜ் வண்டி, அதெல்லாம் தேவையில்லை" என்று அவர் சொன்னது முழுப் பொய். 2021-ல் வந்த விதிப்படி வின்டேஜ் என்றால் ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். அப்படிப் பதிவு செய்தால் தினசரி ரோட்டில் ஓட்டவும் கூடாது.

உரிமையாளர் கையெழுத்து என்று சொல்லி அவர் கொடுத்த பெயர் மாற்றப் படிவங்கள், 29-ம் 30-ம், தேதி போடாமல் இருந்தன. எனக்கு மனசு கேட்கவில்லை. ஆர்சியில் இருந்த விலாசத்தைத் தேடி முத்தியால்பேட்டை போனேன். ஒரு வயதான அம்மா கதவைத் திறந்தார். விஷயத்தைச் சொன்னதும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"அவர் போய் நாலு வருஷம் ஆச்சே தம்பி" என்றார்.

உரிமையாளர் 2021-லேயே இறந்திருக்கிறார். படிவத்தில் இருந்த கையெழுத்து யாருடையது என்று அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. வெள்ளத்துக்குப் பிறகு வண்டி துருப்பிடித்து வாசலில் கிடந்திருக்கிறது. தெருவில் வந்த பழைய இரும்புக்காரரிடம் 9,000 ரூபாய்க்குக் கொடுத்திருக்கிறார். ஆர்சி புத்தகத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து வந்தார். அவருடைய கணவர் அதே வண்டியில், பின்னால் இந்த அம்மா, டேங்கின் மேல் ஒரு குழந்தை. செயின் கேஸ், மூடி, கதவு, இரண்டு ரப்பர், எல்லாமே அதில் இருந்தன. "எதுவும் கழட்டலை தம்பி, அப்படியேதான் குடுத்தோம்" என்றார். அப்படியென்றால் வெள்ளத்தில் போன பொருள்களும் இல்லை, பெயின்டுக்குப் போன பொருள்களும் இல்லை. கழற்றித் தனியாக விற்றிருக்கிறார்கள்.

இப்போது முதலில் வாரிசுச் சான்று எடுத்து, படிவம் 31 கொடுத்து அந்த அம்மா பெயருக்கு வண்டியை மாற்ற வேண்டும். பிறகு புதுச்சேரியில் என்ஓசி (தடையில்லாச் சான்று), கடலூரில் வரி, எஃப்சி, புது நம்பர். இத்தனையும் முடியும்வரை சட்டப்படி வண்டி இறந்தவர் பெயரில்தான் நிற்கிறது. ரோட்டில் எடுத்து ஏதாவது நடந்தால் அந்தக் குடும்பத்தின் தலையில் விழும். அதனால் ஒரு நாள்கூட ஓட்டவில்லை. அம்மாவின் மகன் கையெழுத்துப் போட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவர்களுக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

விற்றவர் முதல் இரண்டு மாதம் போன் எடுத்தார். "பெயின்டர் ஊர்ல இல்லை" என்றார், "கொரியர் போட்டாச்சு" என்றார். வக்கீல் நோட்டீஸ் போனதும் 10,000 ரூபாய் ஜிபேயில் அனுப்பிவிட்டு என்னை பிளாக் செய்துவிட்டார். கையெழுத்து விஷயத்துக்குப் போலீஸில் தனியாக மனு கொடுத்திருக்கிறேன். வண்டி விற்பதையே தொழிலாகச் செய்கிறவர் என்பதால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போக வழி இருந்தது. விற்றவர் புதுச்சேரியில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம் என்று 2019 சட்டத்தில் இருக்கிறது. ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். கடலூரில் கொடுத்துவிட்டேன். பேசியதையெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கி வைத்திருந்ததுதான் எனக்குக் கைகொடுத்தது. பணத்தைக் கையில் கொடுத்திருந்தால் கொடுத்ததற்கு ஆதாரம் இருந்திருக்காது.

இன்னொரு விஷயம். போன வாரம் பண்ருட்டியிலிருந்து ஒருவர் மெக்கானிக் அண்ணனைப் பார்க்க வந்திருந்தார். அவரும் அதே ஆளிடம் ஒரு ஜாவாவுக்கு முன்பணம் 20,000 கொடுத்திருக்கிறார். பெயின்டுக்குப் போயிருக்கும் பொருள்கள் என்று அவருக்கு வந்த போட்டோவைக் காட்டினார். அதே நீல ஷீட், அதே வரிசை. செயின் கேஸின் பின் நுனியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு நசுங்கல், பக்கத்தில் பச்சை நிறப் பிளாஸ்டிக் பக்கெட். அந்தப் போட்டோ உங்களுக்கும் வந்திருந்தால் பணம் அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டீர்கள் என்றால் எனக்குச் சொல்லுங்கள், புகாரில் உங்களையும் சேர்த்துக்கொள்ளலாம்.