சாம்பிள் என்று கேட்டு வாங்கி, விற்றுவிட்டார்கள்

வீட்டிலிருந்தே எழுதிச் சம்பாதிக்கலாம் என்று இப்போதுதான் வேலை தேடத் தொடங்கியிருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். போன மார்ச்சில் எனக்கு நடந்தது இது.

ஒரு மாத இதழில் ஏழு வருடம் பிழை திருத்தினேன். இதழ் நின்றுபோன பிறகு ஃப்ரீலான்ஸாக எழுதுகிறேன். வாட்ஸ்அப் குழு ஒன்றில், "தமிழ் கன்டென்ட் ரைட்டர்கள் தேவை, வார்த்தைக்கு 80 பைசா" என்று ஒரு விளம்பரம் வந்தது. எனக்கு அதுவரை கிடைத்தது 35, 40 பைசாதான். உடனே இதழில் வந்த என் கட்டுரைகள் நான்கை பிடிஎஃப்பாக அனுப்பினேன்.

மறுநாளே போன் வந்தது. "ரொம்ப நல்லா இருக்கு மேடம். ஆனா இதெல்லாம் ஏற்கெனவே வெளிவந்தது. எங்கேயும் வராத மாதிரி புதுசா மூணு சாம்பிள் எழுதி அனுப்புங்க. தலைப்பு நாங்களே தர்றோம்." கருப்பட்டி எப்படிக் காய்ச்சப்படுகிறது, கலப்படக் கருப்பட்டியை எப்படிக் கண்டுபிடிப்பது, சுக்குக் காபி. ஒவ்வொன்றும் 800 வார்த்தை. பிடிஎஃப் கூடாது, வேர்ட் ஃபைல்தான் வேண்டும். கீவேர்டுகள் (கூகுளில் ஆட்கள் தேடும் சொற்கள்) இன்னின்ன இடத்தில் வர வேண்டும், கூகுள் தேடலில் தெரிவதற்கு இரண்டு வரிச் சுருக்கமும் வேண்டும் என்றார்கள்.

அங்கேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். ஒருவருக்கு எழுத வருமா என்று பார்க்க கூகுள் சுருக்கம் எதற்கு? அது வலைத்தளத்தில் ஏற்றப்போகிறவர் கேட்பது.

ஆனால் தலைப்பு என்னை இழுத்துவிட்டது. என் அம்மா பிறந்த ஊர் கருப்பட்டிக்குப் பேர்போன உடன்குடிப் பக்கம், தூத்துக்குடி மாவட்டம். பதநீர்க் காலம் வேறு தொடங்கியிருந்தது. மதுரையிலிருந்து பஸ் ஏறிப் போய், சித்தப்பா வீட்டில் இரண்டு நாள் தங்கினேன். விடியற்காலையில் பனையேறி ஒருவர் பாளை சீவி இறங்கும்வரை நின்று பார்த்து, கலயத்தில் சுண்ணாம்பு எவ்வளவு தடவுகிறார் என்று கேட்டு, பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலியில் பாகு பதத்துக்கு வந்து சிரட்டையில் ஊற்றுவதுவரை இருந்து எழுதினேன். என் ஆச்சி கருப்பட்டியை ஓலைப்பெட்டியில் போட்டு அடுப்புக்கு மேலே பரணில் வைத்திருப்பாள், புகை பட்டால்தான் மழைக்காலத்தில் கசியாது என்பாள். அதையும் எழுதினேன். "உடைச்ச இடம் மினுங்குச்சுன்னா அதுல சீனி இருக்குட்டீ" என்று அவள் சொல்வதை அப்படியே போட்டேன்.

அனுப்பினால், திருத்தம். திருத்தினால், இன்னொரு திருத்தம். ஒன்பது நாள் கழித்து ஒரே வரி: "மன்னிக்கவும், எங்கள் தரத்துக்குப் பொருந்தவில்லை." எனக்குத்தான் வலைக்கு எழுதத் தெரியவில்லை போல என்று நினைத்து, ஒரு மாதம் யாருக்கும் விண்ணப்பமே போடவில்லை. அந்த ஒரு மாதத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் நெஞ்சு கொதிக்கிறது.

மே மாதம் என் மதினி கருப்பட்டி விற்கும் ஒரு கடையின் வலைத்தள லிங்க் அனுப்பினாள். கருப்பட்டி வாங்கலாம் என்று தேடியிருக்கிறாள். "ஏட்டி, இது நம்ம ஆச்சி சொல்றதுல்லா?" என்று கேட்டிருந்தாள். திறந்து பார்த்தேன். மூன்று கட்டுரைகளும் ஒரு எழுத்து மாறாமல் இருந்தன. பெயர் மட்டும் இல்லை. என் ஆச்சி அந்தக் கடையின் ஆச்சியாகியிருந்தாள்.

கடைக்காரரைப் போனில் கூப்பிட்டுக் கத்தினேன். பாவம், அவருக்கு எதுவுமே தெரியவில்லை. "எனக்கு எழுத வராதும்மா. 12 கட்டுரைக்கு 18,000 ரூபா எண்ணிக் குடுத்துல்லா வாங்கிருக்கேன்" என்றார். என்னிடம் சாம்பிள் வாங்கிய நிறுவனம்தான் விற்றிருக்கிறது. என் மூன்றுக்கு மட்டும் 4,500 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். எனக்குச் சொன்ன 80 பைசாவைத் தந்திருந்தால்கூட 1,920 ரூபாய்தான் ஆகியிருக்கும். அதைக்கூடத் தரவில்லை.

அந்த நிறுவனத்தைக் கேட்டேன். "நீங்களாத்தானே மேடம் அனுப்பினீங்க" என்று சொல்லிவிட்டு என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். நாமே அனுப்பியதால் உரிமை போய்விடாது. 1957-ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பள வேலையில் இல்லாமல் தானாக எழுதுகிறவரே தன் எழுத்துக்கு முதல் உரிமையாளர். அந்த உரிமையை இன்னொருவருக்கு மாற்ற எழுத்தில் ஒப்பந்தமும் கையெழுத்தும் வேண்டும். எங்கும் பதிவு செய்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. நல்ல வேளையாக நான் கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தேன். அதன் வெர்ஷன் ஹிஸ்டரியில் எந்த நாள், எத்தனை மணிக்கு எந்த வரியைச் சேர்த்தேன் என்பது அப்படியே இருந்தது. அதையும் அனுப்பிய மெயிலையும் காட்டியதும் கடைக்காரர் மறுபேச்சில்லாமல் மூன்றையும் எடுத்துவிட்டார். பிறகு அவராகவே கூப்பிட்டு, பணம் தந்து, என் பெயரோடு இரண்டைத் திரும்பப் போட்டுக்கொண்டார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

இப்போதெல்லாம் சாம்பிள் கேட்டால் ஏற்கெனவே வெளிவந்ததைத்தான் தருகிறேன், இதழ் பெயரும் மாதமும் தெரிய, பக்கத்தையே ஸ்கேன் செய்து. வெளிவந்தது எதுவும் கையில் இல்லாதவர்கள் தாங்களே ஒரு வலைப்பூ தொடங்கி, விரும்பிய பொருளில் நான்கு கட்டுரை போட்டு அந்த லிங்கை அனுப்பலாம். தேதியும் பெயரும் அதிலேயே இருக்கும். அவர்கள் தலைப்பில் புதிதாக எழுதச் சொன்னால் 150 வார்த்தைவரை சும்மா எழுதித் தருகிறேன், ஒரு முன்னுரை அளவுக்கு. அதற்கு மேல் வேண்டுமென்றால் கூலி. முதலில் கேட்கவே கூச்சமாக இருந்தது. ஆனால் உண்மையில் வேலை தருகிறவர்கள் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை. இருவர் சோதனைக் கட்டுரைக்குப் பணம் போட்டுவிட்டே கேட்டார்கள். மொழிபெயர்ப்பாளர்களும் கவனியுங்கள். ஒரு பெரிய ஆவணத்தை இரண்டிரண்டு பக்கமாகப் பிரித்து, ஆளுக்கொன்றாக "டெஸ்ட்" என்று அனுப்பி, மொத்தத்தையும் இலவசமாக முடித்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அந்தக் கடையின் மற்ற ஒன்பது கட்டுரைகளையும் படித்தேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கை. நுங்கு பற்றி எழுதியது நாகர்கோவிலில் படிக்கும் ஒரு கல்லூரிப் பெண் என்று அதே வாட்ஸ்அப் குழுவில் விசாரித்துக் கண்டுபிடித்தேன். அவளுக்கும் அதே வரிதான் வந்திருக்கிறது: "தரத்துக்குப் பொருந்தவில்லை." மீதி எட்டும் யாருடையவை என்று தெரியவில்லை. பனங்கற்கண்டு, பனங்கிழங்கு, பனையோலைப் பெட்டி, பதநீர், தவுண் (முளைவிட்ட பனங்கொட்டைக்குள் இருக்கும் வெண்பருப்பு), கருப்பட்டி மிட்டாய், கருப்பட்டிக் காபி, பனை விதை நடுவது. பிப்ரவரி, மார்ச்சில் இவற்றில் ஏதாவது ஒன்றை யாருக்காவது சாம்பிளாக எழுதிக் கொடுத்திருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். லிங்க் தருகிறேன், உங்கள் எழுத்துதானா என்று பாருங்கள். ஆதாரம் காட்டினால் எடுத்துவிடுகிறேன் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார்.